டேங்கின் அடியில் இருந்த பச்சை

ஈரப் பெயின்ட்டைப் பார்த்து நிறம் சொல்லக் கூடாது சார். காயவிட்டு, பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். டோல்கேட்டில் வண்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் என் கடைக்கு வருகிற எல்லோரிடமும் இதைத்தான் சொல்வேன்.

நிலவனிடமும் சொன்னேன். துறைமுகத்தில் வேலை, வியாசர்பாடியில் வீடு, என் தோஸ்து. தொண்ணூற்றெட்டில், காயலான் கடையில் கிடந்த குட்டி பைக் ஒன்றை வாங்கி வந்து, பழைய நிறத்திலேயே வேண்டும் என்றான். மேலே எல்லாம் வெயிலில் வெளுத்திருந்தது. டேங்கைக் கழற்றினேன். அடிப்பக்கத்தில் மட்டும் கம்பெனிப் பச்சை அப்படியே இருந்தது. கலந்து, தகரத்தில் பூசி, காயவைத்து, அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்து, மறுபடி கலந்து, ஒரு மழைக்காலமே போனது. கடைசியில் எது பழசு, எது புதுசு என்று எனக்கே தெரியவில்லை. அவ்வளவு சந்தோஷம் நான் பட்டதில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடையில் வேறு ஆளில்லாதபோது நிலவன் வந்தான். என் ஸ்பிரே கன்னையே எடுத்து அந்தப் பச்சையின் மேல் மாம்பழ மஞ்சள் அடித்தான். அவன் பெண்டாட்டி மலர்க்கொடி ஆசையாகக் கட்டும் புடவையின் நிறமாம். காய்வதற்குள் தின்னர் போட்டுத் துடைத்துவிடு என்று மரியாதையாகத்தான் கேட்டேன்.

“வண்டி என்து, பொண்டாட்டி என்து. உனுக்கு இன்னா பேஜாரு மாமு?” என்று சிரித்தான்.

பக்கத்தில் ஜாக்கி ராடு இருந்தது. ஒரு தடவைதான் அடித்தேன், அதுவும் வண்டியில் படாமல். இருட்டியதும் டெம்போவில் ஏற்றி, அவனையும் வண்டியையும் ஒரே கயிற்றில் கட்டி எண்ணூர் முகத்துவாரத்தில் இறக்கினேன். அன்று அவன் கடைப் பக்கமே வரவில்லை என்று, விசாரிக்க வந்த உங்கள் போலீஸ் ஆட்களிடம் சொன்னேன்.

மலர்க்கொடி இத்தனை வருடமும் அவன் வருவான் என்றே இருந்தாள். போன மாதம் முகத்துவாரக்குப்பத்தில் ஒருவர் வலையில் வண்டி மட்டும் சிக்கியது. கயிறு மக்கியிருக்கும். பெயின்ட் துளிகூட இல்லை, வெறும் துரு. சேசிஸ் நம்பரைப் பார்த்து அவளிடம் கொடுத்தீர்கள். அவள் என்னிடம் கொண்டுவந்தாள்.

“அவுரு வந்தா வண்டிய கேப்பாருண்ணே. அதே பச்சைல அடிச்சுக் குடு.”

பச்சைதான் கலந்தேன் சார். தகரத்தில் காய்ந்ததும் மஞ்சளாகத் தெரிந்தது. மறுநாளும் மஞ்சள். கடைக்குள் அவன் சிரிப்பு கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. மஞ்சளையே கலந்து அடித்தேன், சிரிப்பு நின்றது.

வண்டியைப் பார்த்ததும் அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“உன் பொடவை கலர்ல அடிச்சிகினு வர்றேன்னு, அன்னிக்கு என் காதாண்டதான் சொல்லினு போனாரு. வேற யாருக்கும் தெரியாது. உனுக்கு எப்டிண்ணே தெரியும்?”

பாவம், இனியாவது காத்திருக்க மாட்டாள்.

அவள்மேல் கண்ணா என்று கேட்கிறீர்கள். அபாண்டம் சார், பச்சைக்காகத்தான் செய்தேன். அன்று நிலவன் அடித்தது புதுப்புடவையின் மஞ்சள். நான் இப்போது அடித்தது அதுவல்ல. துவைத்துத் துவைத்து வெளுத்துப்போய், இன்றைக்கும் அவள் வீட்டு மொட்டைமாடிக் கொடியில் காய்கிறதே, அந்த மஞ்சள். பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இம்மி வித்தியாசம் இருக்காது.