காந்தம் இல்லாத பாறை

பூதப்பாண்டி போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். மூத்தவர், "எம் மவ தேடுனது அங்க இல்லியாம். அதுல அவளுக்கு அப்பிடி ஒரு சந்தோசம்" என்றதும் நான் போனை அணைத்து மடியில் வைத்துவிட்டேன்.

"எங்க தேடுனா அக்கா?"

"வானத்துல சுத்துத ஒரு பாறையில. அதுல காந்தம் இருக்கான்னு அளக்கதுக்கு விண்கலத்துல ஒரு கருவி வச்சு அனுப்புனாவ. அதச் செஞ்சவங்கள்ல இவளும் ஒருத்தி."

"இல்லேன்னா வருத்தம்லா வரணும்?"

"கேளு. பாறைக்குக் கிட்டப் போயும் கருவி புதுசா ஒண்ணும் காட்டல்ல. கருவி கெட்டுப்போச்சுன்னு கூட இருந்தவங்களே சொல்லியிருக்காவ. ரெண்டு நாளு இவ ஒழுங்கா சாப்பிடல்ல."

"பொறவு?"

"பொறவு பாத்தா, சூரியன்ல இருந்து வருத காந்தத்த அது வழியெல்லாம் சரியா அளந்திருக்கு. பாறைக்குப் பக்கத்துலயும் அளந்திருக்கு. அப்போ கருவி நல்லாத்தான் இருக்கு, பாறையிலதான் காந்தம் இல்ல. 'நான் செஞ்சது பொய் சொல்லல்லம்மா'ன்னு போன்ல அழுதா."

பஸ் புத்தேரி தாண்டியது. இளையவர் மூத்தவர் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"அதுல காந்தம் இல்லேன்னு இதுக்கு முன்ன ஆருக்கும் தெரியாதா அக்கா?"

"தெரியாது. நேத்துதான் வெளிய சொன்னாவளாம்."

"அப்போ இந்த பஸ்ஸுல நம்ம ரெண்டுபேருக்குத்தான் தெரியும்" என்று இளையவர் சிரித்தார்.

மூன்று பேர் என்று நான் திருத்தவில்லை.