நடுக்கூடத்தில் யாரும் சாகாத படம்

— இல்ல, முடியாது. இந்த வீட்டுல இனிமே ஒரு ஆளு சாகக் கூடாது.

— இந்தப் படத்துல யாருமே சாகலம்மா. மாதா சத்தியமா.

— போன தடவையும் இதே நாக்காலில ஒக்காந்து இதே மாதாவத்தான் இழுத்த, ரெக்ஸு. ரெண்டாம் நாளு என் வீட்டுக்காரரு மூக்குல பஞ்ச வச்சுக்கிட்டு நடுக்கூடத்துல கெடந்தாக.

— சாருதாம்மா ஆசப்பட்டுக் கேட்டாக. பொணமா படுக்க வர்ற ஆளுக எல்லாம் பாதியில மூச்சு விட்டுர்றாய்ங்க. ஞானமுத்து சாருக்கு மூச்சடக்குறது ஒரு வரம்.

— வரமாம்ல. கொறட்ட விட்டாக.

— அத அப்புறம் அழிச்சுட்டோம்.

— அழிச்சீக. அந்த மனுசன் இப்பத் தோட்டத்துல மம்பட்டியோட நின்னாலும் அன்னிக்கு ஷூட்டிங் பாத்தவன் எல்லாம் நின்னு பாத்துட்டுப் போறான். அது கெடக்கட்டும். லொக்கேஷன் மேனேஜருன்னு ஊரு ஊரா பைக்குல சுத்துறியே, ராயப்பன்பட்டி ஆரோக்கியம்மா வீட்ட விட்டா கம்பம் பள்ளத்தாக்குல வேற வீடே உன் கண்ணுல படலயா?

— தேக்குத் தூணு இருக்குற வீட்டுல மலை இல்லம்மா. மலை இருக்குற வீட்டுக்கு எதுத்தாப்ல செல்போன் டவரு. இங்கனதான் சன்னலத் தொறந்தா மலை நேரா கூடத்துக்குள்ள வந்து ஒக்காருது.

— மலைதான ஒக்காருது? நீ ஏன் ஒக்காந்துருக்க? சும்மா இருக்காம அந்த மொறத்த இழுத்து மொச்சைய உரி.

— உரிக்கிறேம்மா. கதைய மட்டும் ஒரு தடவ கேளுங்க.

— உங்க கதையெல்லாம் பாத்தவதான நானு. அந்த அருவாப் படம். ரெண்டே முக்கா மணி நேரமா ஊரே நெஞ்ச நிமித்திக்கிட்டுத் திரியிது. ஒருத்தனாவது வேலைக்குப் போனானா?

— அது மாஸ் படம்மா. வேலைக்குப் போனா மாஸ் போயிரும்.

— எங்க திராட்சைப் பந்தலுக்குள்ள நின்னு உங்க ஹீரோ சண்ட போட்டான். முந்துன நாள்தான் மருந்தடிச்சுருக்கு. ஒரு கொத்தப் பிச்சு வாயில போட்டுக்கிட்டு வசனம் பேசுறான். நியாயமா அங்கனயே சுருண்டுருக்கணும். வில்லனுக்கு வேலையே இல்ல.

— அந்தப் பழம் ப்ளாஸ்டிக்கும்மா.

— அப்பிடியா? அப்ப அது ஒண்ணுதான் அவன் நடிச்ச நடிப்பு.

— சரி, அத விடுங்க. விருது வாங்குன படத்துக்கும் இந்த வீட்டத்தான பிடிச்சுக் குடுத்தேன்? சைக்கிள் படம்.

— அதுவா. ஒருத்தன் கூடலூருலருந்து சைக்கிளத் தள்ளிக்கிட்டே வாரான். வாரான். வாரான். நான் எந்திரிச்சு வெளிய போயி, முறுக்கு வாங்கி, அங்கன ஒரு பொம்பளையோட அவ மருமகளப் பத்திப் பேசி முடிச்சுட்டு உள்ள வந்தேன். இன்னும் வாரான்.

— அது தனிமைய சொல்றதும்மா. வெளிநாட்டுல எல்லாரும் எந்திரிச்சு நின்னு கைதட்டுனாக.

— ஒருவழியா வீடு வந்து சேந்தானேன்னு தட்டிருப்பாக.

— உங்களுக்கு எந்தப் படம்தாம்மா பிடிக்கும்?

— இரு, இன்னும் அந்த வேத்துக்கிரகத்துப் படம் இருக்கு. பொட்டிப்புரத்து மலைக்கு அடியிலருந்து பச்ச மூஞ்சிக்காரன் மொளச்சு வாரானாம். என் அடுப்படிய ஆராய்ச்சிக்கூடம்னு காமிச்சாய்ங்க. என் இட்லிக் கொப்பரைக்கு வயரு சுத்தி, செவப்பு லைட்டு போட்டு, ஒரு விஞ்ஞானி மூடியத் தொறந்து பாத்து, கடவுளேன்னு அலறுறான். தியேட்டருலயே கத்திட்டேன், ஏலே, அதுல வெந்நி கூட இல்லடான்னு.

— அந்தக் கொப்பரைக்குப் பதிலா புதுசு வாங்கிக் குடுத்தோம்ல.

— குடுத்தீக. புதுசுல இட்லி கல்லு மாதிரி வருது. பச்ச மூஞ்சிக்காரன் தின்னுட்டுப் பொழச்சுக்கிட்டா எனக்குச் சந்தோசந்தான். எனக்குப் பிடிச்ச படம் எதுன்னு கேட்டேல்ல? குமுளில ஒரு மலையாளப் படம் பாத்தேன். ஒரு பொம்பள தொலஞ்சு போன கோழியத் தேடுறா. வீடு வீடாப் போயி கேக்குறா. கடைசியில கோழி கெடைக்குது. அம்புட்டுத்தான். நான் அழுதுட்டேன், ரெக்ஸு. அடிபொளி படம். யாரும் சாகல. கோழி கூட சாகல.

— அந்த மாதிரிதாம்மா இதுவும்.

— கோழி இருக்கா?

— வேணும்னா வச்சுக்கலாம்.

— பாத்தியா, இப்பத்தான் கதையில கோழிய விடுற. போயிரு. பேய்ப் படம் ஒண்ணு எடுத்தீகளே, அது ஒண்ணு போதும் என் குடும்பத்துக்கு. பேயா வந்தது உத்தமபாளையத்துப் புள்ள, நல்ல புள்ள. எனக்கு வெங்காயம் உரிச்சுக் குடுத்துச்சு. உரிக்கும்போது அழுதது அம்புட்டு அழகு. படத்துல அழுதா சிரிப்பு வருது. ஆனா அந்தப் பேயால என் மகளுக்கு மூணு சம்பந்தம் போயிருச்சு.

— பேயாலயா?

— தெரியாத மாதிரி முழிக்காத. மொத வந்தது ஜெயமங்கலத்துக்காரக. கார விட்டு எறங்குனதும் மாப்பிள்ளையோட அம்மா கெணத்த எட்டிப் பாத்தாக. இதுலதான மருமக விழுந்தான்னு கேட்டாக. காப்பியத் தொடல. கெணத்துத் தண்ணியில போட்ட காப்பியாம்.

— ஐயய்யோ.

— ரெண்டாவது போடிக்காரக. மாப்பிள்ளையோட மாமா ஒருத்தரு. எங்க வீட்டுக்காரரு கும்பிட்டுக்கிட்டே உள்ளருந்து வந்தாக. அந்த மாமாவுக்கு மூஞ்சி வெளிறிப் போச்சு. செத்தவரு எப்பிடி வாராருங்கிறாரு. அப்புறம் எம் பக்கம் திரும்பி, நீங்க என்னமோ கலர் சேலை கட்டிருக்கீகளேன்னு ஒரு கேள்வி. என் புருசன பக்கத்துல நிக்க வச்சுக்கிட்டே, ரெக்ஸு!

— சிரிப்பு வருதும்மா. மன்னிச்சுக்கங்க.

— சிரி. மூணாவது தேனி பலசரக்குக் கடைக்காரக வீட்டுப் பையன். அவன் பயப்படல. பேயி நின்ன ரூமு எதுன்னு கேட்டுட்டு நேரா சாமான் ரூமுக்குள்ள போயிட்டான். மொளகா மூட்டையோட நின்னு போட்டோ எடுத்துக்கிட்டான். தம்பி, பொண்ணப் பாக்கலையான்னா, இருங்க அத்த, பேயப் பாத்துட்டு வாரேன்ங்கிறான். நானே வேணாம்னுட்டேன்.

— அம்மா, ஒண்ணு கேக்கவா? கோவப்படக் கூடாது.

— கேளு. சொத்த மொச்சைய மட்டும் தனியா போடு.

— அந்தப் பேய்ப் படத்த அவுக எங்கம்மா பாத்தாக? அது ஒரு வெள்ளிக்கெழம வந்து ஞாயித்துக்கெழம போயிருச்சு. தேனி தியேட்டருல நானும் டிக்கெட் கிழிக்கிறவரும்தான் உக்காந்து பாத்தோம். ஃபோன்ல கூட எங்கனயும் இல்ல. புரொடியூசரே அத மறந்துட்டாக. மொத்தத்துல வெளிய ஒரே ஒரு காப்பிதான் இருக்கு. சாரு பொணமா நடிச்சத வச்சுப் பாக்கணும்னு ஆசப்பட்டாகளேன்னு உங்க வீட்டுக்குப் பென் டிரைவுல குடுத்தேன்ல, அது.

— எனக்கென்ன தெரியும்? வர்ற ஞாயித்துக்கெழம கம்பத்துலருந்து வாராக. பாத்துட்டு வராம இருந்தாச் சரி. பூசை முடிஞ்சதும் வாராகளாம். பையன் பேங்க்ல வேலை. சினிமாவே பாக்க மாட்டானாம். தங்கமான பையன்.

— ஞாயித்துக்கெழமையா? இந்த ஞாயித்துக்கெழமையா?

— ஏன், உனக்கு அன்னிக்கு ஷூட்டிங்கா? மொச்சைய ஏன் கீழ கொட்டுற?

— அப்பக் கதைய இன்னிக்கே சொல்லியாகணும்மா. இதுல ஒரு கல்யாணம் நடக்குது. இந்த வீட்டுல. நல்லபடியா. பந்தலு, கொட்டு, பிரியாணி எல்லாம் இருக்கு. அதப் பாத்தா இந்த வீட்டுப் பேரே மாறிப்போகும்.

— கல்யாணமா? பாதியில யாரும் வெட்ட வர மாட்டானே?

— வர மாட்டான்.

— சாரு?

— சாரு உயிரோட வாராக. பொண்ணுக்கு அப்பாவா.

— ம். சொல்லு. கேட்டுட்டு முடியாதுன்னு சொல்றேன்.

— ஒரு பையன். ஊரு ஊரா வீடு தேடுற வேலை.

— புரோக்கரா?

— மாதிரி. ஒரு நாளு ஒரு வீட்டுக்குப் போறான். ஒரு பொண்ணு வந்து காப்பி குடுத்துட்டு, எங்க வீட்டு மாடிப்படியில மூணாவது படி ஆடும், கேமராவத் தூக்கிட்டு ஏறும்போது பாத்து ஏறுங்கன்னு சொல்லுது.

— அப்புறம்?

— அம்புட்டுத்தான். காதல்.

— மாடிப்படிக்கா?

— பொண்ணு மேலம்மா. ஆனா சொல்லத் தைரியமில்ல. திரும்பவும் அந்த வீட்டுக்குப் போகக் காரணம் வேணும்ல? அதனால எந்த டைரக்டரு எந்தக் கதையோட வந்தாலும் இந்த வீடுதான்னு அடம்பிடிக்கிறான். அருவாக் கதையா, இந்த வீடு. பேய்க் கதையா, இந்த வீடு. வேத்துக்கிரகம் வந்தாலும் மொதல்ல இங்கனதான் எறங்கணும்னு சொல்லிப்புட்டான்.

— பொண்ணு என்ன செய்யுது?

— சின்னமனூருல டீச்சரும்மா.

— என் மக மாதிரி.

— அப்பிடி வச்சுக்கலாம்.

— ஏலே ரெக்ஸு. இந்த மூஞ்சியப் பாத்துச் சொல்லு. ஒரு பொண்ணு கையால காப்பி குடிக்கணும்னு அவ அப்பன படத்துக்குப் படம் சாகடிக்கிறவன் ஹீரோவா, வில்லனா?

— காமெடியன்னு வச்சுக்கங்கம்மா.

— அனிதா! இங்க வா. காப்பிய வச்சுட்டு நீயும் கேளு. இந்தத் தம்பி ஒரு படம் எடுக்கப் போறாராம்.

— எல்லாம் உள்ளருந்து கேட்டுக்கிட்டுத்தாம்மா இருந்தேன். சர்க்கரை கம்மியாத்தான் போட்டுருக்கேன், குடிங்க.

— சர்க்கரை கம்மியா குடிப்பாருன்னு இவளுக்கு எப்பிடித் தெரியும்? சரி, மேல சொல்லு. அம்மாக்காரி என்ன சொல்றா படத்துல?

— அதத்தான் இன்னும் எழுதலத்த.

— என்னது?

— எழுதலம்மா.

— இல்ல, அதுக்கு முன்னாடி ஒண்ணு சொன்னியே.

— அத்தன்னு வாய் தவறி வந்துருச்சு. தவறலன்னும் சொல்லலாம். நீங்க எல்லாப் படத்தையும் மூஞ்சிக்கு நேரா சொல்லுவீக. இதையும் சொல்லிருங்க. நான் இந்தப் பைக்குலயே போயிர்றேன்.

— சொல்றேன். கத சரியில்ல. ஹீரோ மகா சொத்த. பேசவே இடைவேளை வரைக்கும் ஆகுது. சண்ட இல்ல, பாட்டு இல்ல. வேலையும் நெரந்தரமில்ல. ஆனா மொச்ச நல்லா உரிக்கிறான். யாரும் சாகல. கோழிப் படத்துக்குக் கொஞ்சம் கிட்டத்துல வருது.

— அப்ப வீடு தருவீகளா?

— வீடா கேக்குற நீ? கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கத் தேதி கேக்குற. ஆனா ஒண்ணு. உன் பேய்ப் படந்தான் எம் மக கல்யாணத்த மூணு தடவ நிறுத்துச்சு. அத மறந்துட்டு உனக்கே பொண்ணக் குடுத்தா ஊரு என்னையச் சிரிக்கும். ஒத்தக் காப்பிதான் இருக்குங்கிற. அது எங்க பீரோவுல கெடக்கு. அப்ப அந்த மூணு வீட்டுக்கும் அது எப்பிடிப் போச்சு? பேயே தூக்கிட்டுப் போயி போட்டுக் காட்டுச்சா? இதுக்குப் பதிலு சொல்லிட்டு அந்தக் காப்பியக் குடி.

— மாதா சத்தியமா எனக்குத் தெரியாதும்மா.

— பேயி இல்லம்மா, நாந்தான் அவுக வாரதுக்கு முந்துன நாளெல்லாம் அந்தப் படத்த ஃபோன்ல அனுப்பி வச்சேன்; கம்பத்துக்காரகளுக்கு இப்பக் காப்பி கொதிக்கிறப்பத்தான் அனுப்புனேன், இவுக வாயத் தொறப்பாகன்னு நான் நெனைக்கவே இல்ல.