எட்டு மணிப் பனி அறிக்கை

காலையில் எழுந்ததும் கேத்தலை வைப்பேன். தண்ணீர் கொதிக்கும்வரை பனிச்சரிவு அறிக்கையைப் பார்ப்பேன். மலையடியில் இருக்கும் துன் நகரத்தில், எங்கள் வீட்டில் இது பழைய பழக்கம். நான் வாசித்துச் சொல்வேன். என் மனைவி நிலோஜினி தேநீர் குடித்தபடி கேட்பாள். புதிய அறிக்கை எட்டு மணிக்குத்தான் வரும். அதற்கு முன் திறந்தால் முதல்நாள் மாலையில் போட்டதுதான் இருக்கும். இப்போது நான் எட்டுக்கு முன் திறப்பதில்லை.

போன வருடம் மாசியில் அவள் தன் தம்பி ஆரனோடு பனிச்சறுக்கு மலைக்குப் போனாள். வடக்குச் சரிவில் பனி உடைந்து சரிந்தது. அவன் வந்தான், அவள் வரவில்லை. உடைவதற்குச் சற்று முன் எனக்குப் போன் எடுத்திருந்தாள். "தம்பி இழுத்துக்கொண்டு போறான், நான் என்ன செய்யிறது" என்றாள். அதை எல்லோரிடமும் சொன்னேன். செத்தவீட்டில் அவனைப் பெற்றவளே அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. குற்றமில்லாதவன் மறுப்பான் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு வருடம் அவன் சாப்பிடுவதையும் சிரிப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளுடைய வருட நினைவான ஆட்டைத் திவசம் முடிந்த கிழமை, அவள் கிடந்த இடத்தில் பூ வைப்போம் என்று கூப்பிட்டேன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மெல்லப் போங்கோ அத்தான். திவசத்து வடை இன்னும் வயித்துக்கதான் கிடக்கு," என்றான் ஏறும்போது.

"ஆர் உன்னைப் பத்துத் தின்னச் சொன்னது?"

சரிவின் கீழே நின்றான். "அறிக்கை பாத்தனீங்களோ?"

"பாத்தன். பயமில்லை."

கொஞ்சநேரம் என்னைப் பார்த்தான். "எட்டு மணிக்கு வந்ததோ?"

"ஓம்."

எட்டு மணிக்கு என்றது பொய்யில்லை. எட்டு மணி அறிக்கையில் எல்லாம் இருந்தது. மார்கழியில் விழுந்த பனி குளிரில் சீனியாக உதிர்ந்து அடியில் கிடந்தது. அதற்கு மேலே காற்று கொண்டுவந்த புதுப் பனி பலகைபோல இறுகியிருந்தது. வடக்குச் சரிவில் கால் வைக்க வேண்டாம் என்று எழுதியிருந்தது.

சரிவில் ஒருவர் போகும்போது மற்றவர் நிற்க வேண்டும். நான் நின்றேன். அவன் பூவோடு போனான். நடுவில் அந்தப் பனிப் பலகை உடைந்து அவனை மூடியது.

பனிக்குள் புதைந்தவரைத் தேடும் கருவி என் கையில் கூவிக்கொண்டிருந்தது. அவன் ஆழத்தில் இல்லை, பக்கத்தில்தான் இருந்தான். பனி அள்ளும் சவள் என் முதுகில் இருந்தது. நான் கருவியை நிறுத்தினேன். பிறகு அந்த இடம் அமைதியாக இருந்தது. ஹெலிகொப்டரைக் கூப்பிட்டபோது, கூப்பிட்டுப் பயனில்லை என்று தெரிந்துதான் கூப்பிட்டேன்.

அக்காவைக் கொன்றவனுக்கு இது அதிகமில்லை என்று இன்றும் நினைக்கிறேன்.

என் வாக்குமூலத்தில் ஒன்றை மட்டும் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். போனில் அவள் சொன்னதாக நான் சொன்னது சரியில்லை. அவள் சொன்னது இதுதான்:

"தம்பி திரும்புவம் எண்டு நிக்கிறான். நீங்கள் விடிய அறிக்கை பாத்திட்டுப் பயமில்லை எண்டு சொன்னனீங்கள்தானே. நான் முன்னால போறன்."