சிப்பில் இருந்த பெயர்

தெரியாத நம்பரிலிருந்து ஃபோன் வந்தால் இப்போதெல்லாம் யாரும் எடுப்பதில்லை. நான் எடுத்துவிடுவேன். யாருக்கு என்ன அவசரமோ என்று தோன்றும். அன்றைக்கும் அப்படித்தான் எடுத்தேன், மேடம்.

"அம்மா, உங்க நாய் எங்க ஆஸ்பத்திரியில இருக்கு. அடிபட்டுக் கிடந்ததை யாரோ கொண்டுவந்து விட்டாங்க. கழுத்துத் தோலுக்கு அடியில இருந்த சிப்பை மெஷின்ல காட்டிப் பார்த்தோம், உங்க பேரும் நம்பரும் வந்துச்சு."

என் தங்கை அப்போது என் வீட்டில்தான் இருந்தாள், சாப்பாட்டு மேசையில். தட்டைத் தொடாமல் அழுதுகொண்டிருந்தாள். நாய் காணாமல் போனதிலிருந்து அவளுக்கு அதுதான் வேலை.

"யாருக்கா?"

"ராங் நம்பர். நீ சாப்பிடு."

நாய் அவளுடையது, சிப்பில் பெயர் மட்டும் எப்படி என்னுடையது என்று கேட்கிறீர்கள். அவள்தான் கொடுத்தாள். சிப் போடப் போன அன்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். "உன் பேரையே குடுத்துடறேன்க்கா. நான் அடிக்கடி நம்பர் மாத்தறேன், பாதி நாள் மீட்டிங்ல இருப்பேன். நீதான் எங்கேயும் போறதில்லையே" என்றாள். நான் ஏன் எங்கேயும் போவதில்லை என்று அவள் கேட்கவில்லை. அம்மா அப்போது படுக்கையில் இருந்தாள். திருப்பிப் படுக்க வைக்க ஓர் ஆள் வேண்டும், துடைக்க ஓர் ஆள் வேண்டும். இரண்டு ஆளும் நான்தான்.

நாயை அவள் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள். என்னை அதற்குப் பெரியம்மா ஆக்கியிருந்தாள். "பாப்பா, பெரியம்மாவுக்குக் கை குடு." அதுவும் கொடுக்கும். எனக்குக் குழந்தை இல்லை என்பது அவளுக்குத் தெரியாததில்லை. சிரித்துக்கொண்டே கையை வாங்கிக்கொள்வேன்.

அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்ததும் அவளைக் கூப்பிட்டேன்.

"பாப்பாவைத் தனியா விட்டுட்டு எப்படிக்கா வர்றது? கத்தியே உயிரை விட்டுடும்."

"கூட்டிட்டு வா."

"அம்மா ரூம் வாடை அதுக்கு ஆகாதுக்கா. போன தடவை தும்மித் தும்மி ரெண்டு நாள் சாப்பிடலை."

வாடை என்றாள், மேடம். அந்த அறையைக் காலையும் மாலையும் கழுவித் துடைத்தவள் நான். என் கையில் சோப்பு நாற்றம் போகாது. அந்த வார்த்தை நெஞ்சில் முள்ளாகத் தைத்தது, இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் நான் கத்தவில்லை. "சரிடி, முடிஞ்சப்போ வா" என்று ஃபோனை வைத்தேன்.

அம்மா விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். "சின்னவ வந்துட்டாளா?" "கிளம்பிட்டாம்மா, வழியில இருக்கா." அவள் கிளம்பவே இல்லை. அம்மாவின் கண் கடைசிவரை வாசலைத்தான் பார்த்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் பக்கம் திரும்பவில்லை. எல்லாம் முடிந்த பிறகு தங்கை வந்தாள். நாயைக் காரில் ஏசி போட்டு விட்டிருந்தாள். அழுகைக்கு நடுவே எழுந்து எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

திருட்டு என்று நீங்கள் புகாரில் எழுதியிருக்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். அவள் வீட்டுச் சாவி ஒன்று என்னிடம் உண்டு. கதவைத் திறந்து "பெரியம்மா வந்திருக்கேன்" என்றேன். வாலை ஆட்டிக்கொண்டு அதுவே வந்து டாக்ஸியில் ஏறியது. ஊர்க் கோடியில் லாரிகள் நிற்கிற மைதானத்தில் கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு "உட்காரு" என்றேன். உட்கார்ந்தது. முனையில் திரும்பிப் பார்த்தேன், அப்படியே உட்கார்ந்திருந்தது. சொன்ன பேச்சைக் கேட்கிற நாய்.

பிறகு தங்கையோடு தெருத் தெருவாக நோட்டீஸ் ஒட்டினேன். பசை வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தது நான்தான். "சிப் இருக்குக்கா, யார் கண்டுபிடிச்சாலும் கண்டிப்பா ஃபோன் வரும். நீ மட்டும் ஃபோனைக் கையிலயே வச்சுக்கோ" என்று என் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். வைத்துக்கொண்டேன். இந்தச் சிப்பால் பிரயோஜனம் உண்டா என்று கேட்டால், உண்டு. சரியாக வேலை செய்தது. யாரைக் கூப்பிட வேண்டுமோ அவரைக் கூப்பிட்டது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் நாய் எழுந்திருக்கப் பார்த்தது, முடியவில்லை. டாக்டர் சின்னப் பையன். "இடுப்பெலும்புதான்மா. ஆபரேஷன் பண்ணினா நல்லா நடக்கும்" என்றான்.

"வேண்டாம்ப்பா, ஊசி போட்டுடுங்க."

என்னையே பார்த்தான். "இது பிழைக்கிற கேஸ்மா."

"வச்சுப் பார்க்க ஆள் இல்லை."

தரை துடைத்துக்கொண்டிருந்த பெண் மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தாள். "நான் வச்சுக்கறேன் சார். என் வீட்டுல ஒரு மூலையில கிடந்துட்டுப் போகுது. குடுத்துடுங்கம்மா, புண்ணியமா போகும்."

டாக்டருக்கும் அதுதான் ஆசை. முகத்தில் தெரிந்தது. நான் சிப்பைக் காட்டச் சொன்னேன். மெஷினை மறுபடி கழுத்தில் வைத்தான். என் பெயர் வந்தது. "நாய் என்னுதுதானே?" என்று கேட்டேன். மெஷினை வைத்துவிட்டு ஊசியை எடுக்கப் போனான். சிப் இல்லாத தெருநாயாக இருந்திருந்தால் அந்தப் பெண் தூக்கிக்கொண்டு போயிருப்பாள். என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது.

ஊசி போடும்போது வெளியே இருக்கச் சொன்னார்கள். நான் உள்ளேயே இருந்தேன். தலையை என் மடியில் வைத்துக்கொண்டது. கூட்டிப்போக வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்கும்.

தரை துடைக்கிற பெண்தான் அப்புறம் நோட்டீஸைப் பார்த்துத் தங்கையைக் கூப்பிட்டாள். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. தங்கை இப்போது உங்கள் ஸ்டேஷன் வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறாள். நான் உள்ளே வரும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்தம்மாகிட்டயாவது குடுத்திருக்கலாமேக்கா?"

கொடுத்திருக்கலாம். நாய் உயிரோடு இருந்திருந்தால் தங்கை எப்படியும் தேடிக் கண்டுபிடித்திருப்பாள். மறுபடியும் அதற்குத் தும்மல் வரும், காய்ச்சல் வரும். இதை அவளிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். நாயைக் கொண்டுபோய் விட்டது நான், ஊசி போடச் சொன்னதும் நான். மறைக்க ஒன்றுமில்லை.

கோபம் ஆற அவளுக்குக் கொஞ்ச நாளாகும். எனக்கும் வயதாகிறது, நாளைக்கு நானும் படுக்கையில் விழுவேன். அப்போது வந்துவிடுவாள். வராமல் இருக்க இனிமேல் அவளுக்கு என்ன காரணம் இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.