மோரில் மிதந்த செம்பருத்தி

“எங்க வீட்டுக்காரர் என் செம்பருத்திய எல்லாம் மோர்ல போட்டுட்டார்க்கா.”

ஊரப்பாக்கத்தில் ஏறிய பெண்தான் சொன்னாள். தாம்பரம் போகும் மின்ரயில், காலை நேரம், மகளிர் பெட்டி. எதிரே டிபன் பையை மடியில் வைத்திருந்த அக்கா நிமிர்ந்தார். நான் காதில் ஓடிய பாட்டை நிறுத்திவிட்டு, இன்னும் பாட்டுக் கேட்பதுபோலவே தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

“செம்பருத்தியயா?”

“நிஜப் பூ இல்லக்கா. கம்மல் செய்ற பாலிமர் க்ளே. கலர் கலரா அடுக்கி உருட்டினா தடி மாதிரி வரும். வெளிய வெள்ளை, எங்க வெட்டினாலும் உள்ள பூ. இறுகட்டும்னு போன வாரம் ஃபிரிட்ஜ்ல வச்சேன், வாழைத்தண்டு பக்கத்துல.”

“ஐயய்யோ.”

“அவருக்கு வீட்லேர்ந்தே ஆபீஸ். மீட்டிங்ல கேமராவ ஆஃப் பண்ணிட்டு காய் நறுக்குவார், சாயங்காலம் நான் போய் தாளிப்பேன். கண்ணு முழுக்க லேப்டாப்ல. அதையே தண்டுன்னு வில்லை வில்லையா வெட்டி, கறுக்கக் கூடாதுன்னு மோர்ல போட்டிருக்கார். ‘இன்னிக்கு தண்டு ரொம்ப இளசு, நாரே வரல’ன்னு பெருமை வேற!”

“சண்டை போட்டியா?”

“போடலாம்னுதான் கழுவி எடுத்தேன். நாற்பது வில்லை, ஒண்ணுகூட நசுங்கலக்கா! நான் வெட்டினா பூ சப்பையாயிடும். அத்தனையும் சர்ச் ஸ்டால்ல கம்மலா வித்துடுச்சு.”

“அவர்கிட்ட சொன்னியா?”

“சொன்னா பார்த்து வெட்டுவார். கெடுத்துடுவார்.”

பெருங்களத்தூரில் ரயில் நின்றது. அவள் மணி பார்த்தாள்.

“பத்து மணிக்கு அவருக்கு மீட்டிங். ரோஜாவ வாழைத்தண்டு பக்கத்துல வச்சுட்டு வந்திருக்கேன்.”