கப்பல் முதலாளி பக்கிரிசாமி

– நம்ம அப்பாவுக்கு எப்போ அண்ணே பூனைக்கண்ணு வந்துச்சு?

– மெதுவாப் பேசு தையலு. படத்துல கண்ணுக்கு இன்னும் கறுப்பு அடிக்கல. போர்டு எழுதுற முத்துசாமி சாயங்காலம் வந்து முடிச்சுடுவான்.

– நெத்தியில பட்டை போட்டு, தலைப்பாகை கட்டி, மூஞ்சிக்கு மாநிறம் பூசியாச்சு. கழுத்துல எதுக்கு வெள்ளைத்துணி சுத்தியிருக்கு? அப்பாவுக்குத் தொண்டை வலியா?

– அது துரைமார் கட்டுறது. அந்தக் காலத்துல அமெரிக்காவுல கப்பல் விட்ட முதலாளியாம். துரை வீட்டு ஏலத்துல எடுத்தேன். பின்னாடி கடலு, பாய்மரக் கப்பலு... எப்படி இருக்கு?

– ரொம்பப் பொருத்தம். தஞ்சோங் பகார் துறைமுகத்துல நம்ம அப்பாவும் கப்பல்லதானே ஏறி இறங்குனாரு, கரிக்கூடையோட.

– ஊரைக் கூட்டாத! மாப்பிள்ளை வீட்டுல அப்பா கப்பல் முதலாளின்னு சொல்லி வச்சிருக்கேன். மணமேடையில படத்தை வச்சு மாலை போடணும், நீ விழுந்து கும்பிடணும்.

– எவனோ அமெரிக்காக்காரன் கால்ல விழுந்துட்டு நான் தாலி கட்டிக்கணும்.

– கால் தெரியாது. இடுப்பு வரைக்கும்தான் படம்.

– அப்பாடா, என் மானம் பிழைச்சுது.

– நல்லா கிண்டல் பண்ணு. சிராங்கூன் ரோட்டுல அத்தனை மாட்டுக்கொட்டாய் வச்சிருக்கிற அழகப்பன், கரி சுமந்தவன் மகளை மருமகளா எடுப்பாரா? உனக்காக என்னால செய்ய முடிஞ்சது இந்த ஒரு பொய்தான்.

– அதுக்காக அப்பாவையே மாத்துவியா? முகத்தையாவது அவர் முகமா வரையச் சொல்லியிருக்கலாம்.

– எந்த முகத்தை? அவர் போறப்ப நீ தொட்டில்ல கிடந்த. நான் பொடிப்பய. கண்ணை மூடினா கரித்தூளும் பல்லும்தான் தெரியுது. ‘உங்கப்பா எப்படி இருப்பாரு’ன்னு முத்துசாமி கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியல தையலு.

– சரி, சரி, அழுவாத. முத்துசாமி வந்தா காதையும் சரி பண்ணச் சொல்லு. இடது காதுல மேல்பாதி இருக்கக் கூடாது.

– யார் சொன்னா?

– உன் சம்பந்திதான். நேத்து நீ வேலைக்குப் போனப்புறம் முகூர்த்த நாள் சொல்ல வந்தாரு. இந்தப் படத்தையே பார்த்துக்கிட்டு நின்னாரு. ‘இதுதான் உங்கப்பாவா’ன்னு கேட்டாரு.

– ஐயோ, கண்டுபிடிச்சுட்டாரா?

– ‘மூங்கில்ல கூடையை மாட்டி, முன்னால உங்கப்பன் தூக்குவான், பின்னால நான். அந்த அரைக்காதைப் பார்த்துக்கிட்டேதான் அத்தனை கப்பலுக்கும் கரி ஏத்தினேன். பக்கிரி மகள்னுதான்மா உன்னைக் கேட்டு வந்தேன். ரெண்டு காதும் முழுசா இருக்கிற எவனுக்கும் நான் மாலை போட மாட்டேன்’னு சொல்லிட்டுப் போனாரு.