மாதம்மாள் கூடையில் இட்ட கல்

மண்ணை மிதித்து வளர்ந்து மன்றத்தில் அமர்ந்த தலைவர், எங்கள் எட்டுப் பேருக்கும் தன் வண்டிக் கொட்டகையைத் தங்குமிடமாகத் தந்த வள்ளல், நாராயணப்பன் அவர்களே! நாற்பத்தொரு புளியமரங்களின் தலையெழுத்தைக் கோப்பிலே கட்டிக் கொண்டு வந்து மேடையில் அமர்ந்திருக்கும் சாலை அதிகாரி பெருமாள் அவர்களே! தைப் பனியில் நனைந்து, மாசி வெயிலில் காய்ந்து, பறவைக் கணக்கெடுப்புக் குழுவை நடத்திச் செல்லும் ஓசூர்ச் சம்பங்கி அவர்களே! பட்டிக்கு ஆடு திரும்பும் நேரமாயிற்றே என்ற கவலையையும் மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! எல்லை கடந்து வந்து என் தமிழைப் பொறுத்துக்கொண்டிருக்கும் மைசூர் ராஜ்யத்து நண்பர்களே! பேச்சு பிடிக்காவிட்டால் ஏறி மிதித்துவிடலாம் என்று சைக்கிளைப் பிடித்தபடியே நிற்கும் பின்வரிசைத் தம்பிமாரே! உங்கள் எல்லோருக்கும் இந்த அருள்ஜோசப்பின் கைகூப்பிய வணக்கம்.

என்ன அங்கே? "விஷயத்துக்கு வாங்க" என்கிறீர்களா? வருகிறேன் ஐயா, வருகிறேன். விஷயத்துக்கு வரத்தானே தை மாதமே கிருஷ்ணகிரியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்!

என்னை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எனக்குத் தொழில் அச்சாபீசில் பிழை திருத்துவது. எழுத்தெண்ணிப் பார்ப்பவன், எவர் எழுதினாலும் பிழை பிடிப்பவன், பிடித்த பிழையைச் சிவப்பு மையில் சுழித்துக் காட்டிப் பெருமைப்படுபவன். அது வருஷத்தில் எட்டு மாதம். தை பிறந்தால் சித்திரை முடியும் வரை சம்பங்கி ஐயாவின் குழுவில் பறவைக் கணக்கு எழுதுகிறவன். எட்டு மாதம் பிறர் பிழையைத் திருத்திய நான், இந்த நாலு மாதத்தில் செய்த பிழையைச் சொல்லத்தான் இன்று மேடை ஏறியிருக்கிறேன்.

மேசை ஓரத்தில் துணி போட்டு மூடிய கூடை ஒன்று இருப்பதைப் பார்க்கிறீர்கள். கடலையா, கற்கண்டா என்று தம்பிமார் கண்ணாலேயே கேட்கிறார்கள். பொறுங்கள். கூட்டம் முடிவதற்குள் அதைத் திறக்கத்தான் போகிறேன்.

முதலில் இந்த வேலையின் முறையைச் சொல்லிவிடுகிறேன். விடியுமுன் அல்லியேரிக் கரைக்குப் போக வேண்டும். எட்டுப் பேருக்கும் சேர்த்துத் தூரக்கண்ணாடி ஒன்றே ஒன்று. அதுவும் பெரும்பாலும் சம்பங்கி ஐயாவின் கழுத்தில்தான் தொங்கும். எண்ணுகிறவர் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்து, நாரை குடியிருக்கும் கூடுகளை வாய்விட்டு எண்ணிச் சொல்ல வேண்டும். எழுதுகிறவர் அதைத் திருப்பிச் சொல்லி நோட்டில் எழுத வேண்டும். கிழக்குக் கரை மரங்களை எண்ணியவர் ராஜாத்தி. மேற்குக் கரை மரங்களை எண்ணியவர், இதோ, முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு இரண்டாவது வரிசைக்கு நகரப் பார்க்கிறாரே, அந்த மாதம்மாள். அம்மா, எங்கேயும் போகாதீர்கள். உங்களைப் பற்றித்தான் பேச்சே!

மாதம்மாள் ஆடு மேய்ப்பவர். தூரக்கண்ணாடி இல்லாமலே, பறக்கிற நாரை கிழடா குமரா என்று சொல்லுகிற கண் அவருக்கு. தை மாதத்தில் நாரைகள் முட்டையிட்டு அடைகாத்தபோது இருகரையும் சேர்த்து இருநூற்று முப்பத்தாறு கூடுகள் என்று எழுதினோம். அந்த நேரத்தில்தான் செய்தி வந்தது. பெங்களூர்ச் சாலை அகலமாகிறது, ஏரிக்கரைப் புளியமரங்கள் ஏலத்துக்குப் போகின்றன என்று. சம்பங்கி ஐயா ஓடினார், மனுக் கொடுத்தார், மன்றாடினார். பெருமாள் ஐயா நியாயமானவர். "மாசிக் கடைசியிலும் இருநூறு கூட்டில் பறவை குடியிருந்தால் சாலையை ஏரியை விட்டு மேற்கே ஒதுக்கிப் போட எழுதுகிறேன். இல்லாவிட்டால் மரத்தை வெட்டத்தான் வேண்டும்" என்றார். அதற்குமேல் ஓர் அதிகாரி என்ன சொல்ல முடியும்? நாற்பத்தொரு மரங்களும், அவற்றில் குடியிருந்த அத்தனை குடும்பங்களும் எங்கள் நோட்டு ஒன்றை நம்பி நின்றன.

மாசிக் கடைசி வந்தது. எண்ணினோம். கிழக்குக் கரையில் ராஜாத்தி எழுபத்தெட்டு என்றார். அங்கே நாரைகள் தாமதமாக வந்ததால் அப்போதும் அடைகாத்துக்கொண்டுதான் இருந்தன. மேற்குக் கரையில் மாதம்மாள் சொன்னது எவ்வளவு தெரியுமா? பதின்மூன்று! தையிலே நூற்றைம்பதுக்கும் மேல் சொன்ன அதே வாய், அதே மரங்களின் அடியில் நின்று, பதின்மூன்று என்றது.

சம்பங்கி ஐயா நோட்டைப் பார்த்துவிட்டு, "ஏனப்பா ஜோசப், அத்தனை கூடும் எங்க போச்சு? நீ போய்ப் பார்த்தியா?" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன்? "பார்க்காமல் எழுதுவேனா?" என்றேன். பொய்! பச்சைப் பொய்! நான் மரத்தடிக்கே போகவில்லை. ஏன் போகவில்லை? வெள்ளைச் சட்டை ஐயா, சலவைக்குப் போட்டு எடுத்த வெள்ளைச் சட்டை! மரத்தடியில் நின்றால் எச்சம் விழும் என்று ஐம்பது கஜம் தள்ளி மதகின் மேல் கைக்குட்டை விரித்து உட்கார்ந்து, காற்றில் வந்த எண்ணை எழுதியவன் நான்.

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். அன்றைக்கு நான் சிரிக்கவில்லை. மாதம்மாளைக் கூப்பிட்டு, "தூங்கிவிட்டு வாய்க்கு வந்ததைச் சொல்கிறாயா? நாளை முதல் வேலைக்கு வராதே" என்று விரட்டினேன். நான் கொடுத்திருந்த பென்சிலை அவர் மதகின் மேல் வைத்துவிட்டுப் போனார். அப்போதும் போய்ப் பார்க்காமல், அந்தப் பதின்மூன்றையே வைத்து, 'பெரும்பாலான கூடுகள் கைவிடப்பட்டன' என்று அழகான கையெழுத்தில் எழுதி, அடியிலே என் பெயரையும் போட்டு, தபாலில் சேர்த்தேன். பெருமாள் ஐயா, உங்கள் மடியில் இருக்கும் கோப்பில் மேலாக இருப்பது அந்தத் தாள்தான்.

பத்து நாள் கழித்துப் பங்குனிக் கணக்கு. மாதம்மாள் இல்லை, மாற்றாளும் இல்லை. வேறு வழியில்லாமல் நானே மேற்குக் கரை மரத்தடிக்குப் போனேன். அண்ணாந்து பார்த்தேன். என்ன சொல்வேன்! கூடுதோறும் குஞ்சு, கிளைதோறும் கூச்சல்! இரை கொண்டு இறங்கும் தாயைக் கண்டு கழுத்தை நீட்டுகிற குஞ்சுகள், கூட்டின் விளிம்பில் நின்று சிறகை விரித்துப் பார்க்கிற குஞ்சுகள்! கைவிடப்பட்ட கூடு என்று நான் கையெழுத்துப் போட்ட மரங்கள் அவை.

நேரே மாதம்மாளின் ஆட்டுப்பட்டிக்கு ஓடினேன். "இத்தனை கூடு இருக்கும்போது பதின்மூன்று என்றாயே, ஏன்?" என்று கேட்டேன். அவர் தழையை ஒடித்துப் போட்டுக்கொண்டே சொன்ன பதிலை, அவர் சொன்னபடியே சொல்கிறேன்:

"பதிமூணுலதாங்க முட்ட இருந்துச்சு. மத்ததெல்லாம் குஞ்சு பொரிச்சிடுச்சுங்களே! குஞ்சு இருக்கற கூட்ட யாராச்சும் வாய்வுட்டு எண்ணுவாங்களா? கண்ணு பட்டுப் போவாதா? எங்க பட்டியில குட்டி போட்ட ஆட்டயே நாங்க எண்ண மாட்டம்."

"அதை அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றேன்.

"இது ஊருக்கே தெரிஞ்ச சங்கதிங்க. உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்கு எப்பிடிங்க தெரியும்? நீங்களும் மரத்தடிக்கு வருவீங்க, குஞ்சக் கண்ணால பாப்பீங்க, பாத்து எழுதிக்குவீங்கன்னு நெனச்சன். நீங்கதான் மதகவுட்டு எறங்கவே இல்லியே!"

தாய்மார்கள் தலையாட்டுகிறீர்கள். உங்களில் யார் நின்றிருந்தாலும் அதைத்தானே செய்திருப்பீர்கள்? தொட்டிலில் கிடக்கும் பிள்ளையை வாய்விட்டு எண்ணுகிற தாய் இந்தத் தாலுகாவில் உண்டா? அன்பினால் மூடிய வாய் அது. அதைப் போய்ச் சோம்பேறித்தனம் என்று ஏசினேனே, அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"சரி, குட்டி போட்ட ஆட்டை எண்ணாமல் ஒன்று காணாமல் போனால் எப்படிக் கண்டுபிடிப்பாய்?" என்று கேட்டேன். அவர் பட்டி வாசலைக் காட்டினார். அங்கே சின்னக் கற்கள் ஒரு குவியலாகக் கிடந்தன. "காத்தால ஆடு வெளிய போறப்ப, ஆட்டுக்கு ஒரு கல்லு போடுவன். பொழுது சாய வர்றப்ப ஒவ்வொண்ணா எடுத்துடுவன். கல்லு மிச்சமிருந்தா ஆடு வரலன்னு தெரிஞ்சிடும். கல்லுக்கு ஏதுங்க கண்ணு படறது?"

கேட்டீர்களா! எழுத்தும் எண்ணும் படித்த நான் அந்தப் பட்டி வாசலில் குனிந்து ஒரு கல்லை எடுத்துப் பார்த்தேன். "அம்மா, தவறு என்னுடையது. நாரைக் கூட்டுக்கும் அப்படிக் கல் போட்டுத் தருவீர்களா?" என்று கேட்டேன். "போடறன். ஆனா நீங்களும் கூட வரணும். மதகுமேல குந்தறதா இருந்தா வேற ஆளப் பாருங்க" என்றார்.

போனேன். மரம் மரமாகப் போனோம். பறவை குடியிருக்கும் கூட்டுக்கு ஒரு கல். நானும் அண்ணாந்து பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் கல்லைக் கூடையில் போட்டார். இரு கரையும் சுற்றி முடிந்தபோது என் வெள்ளைச் சட்டை எந்த நிறத்தில் இருந்தது என்று கேட்காதீர்கள். நேற்று நடந்தது இது. சம்பங்கி ஐயாவும் தூரக்கண்ணாடியோடு கூடவே வந்தார். எங்களில் யாரும் ஓர் எண்ணைக்கூட வாயால் சொல்லவில்லை.

"மொத்தம் எவ்வளவு?" என்று கேட்கிறார் பின்வரிசைத் தம்பி. சொல்ல மாட்டேன் தம்பி! குஞ்சுகளுக்கு இன்னும் சிறகு முற்றவில்லை. எனக்கும் எண்ணிக்கை தெரியாது. நான் இன்னும் கல்லை எண்ணவில்லை.

பெருமாள் ஐயா! இன்று மாலை நீங்கள் கையெழுத்திட்டால் நாளை கோடரி வரும் என்று அறிவேன். அந்தத் தாளில் இருக்கும் பிழை இந்தப் பெண்மணியின் பிழை இல்லை. மதகின் மேல் உட்கார்ந்தவனின் பிழை. எவர் பிழையையும் சுழித்துக் காட்டிய என் சிவப்பு மையை உங்களிடம் தருகிறேன். என் பெயரைச் சுழியுங்கள், என் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கையெழுத்திடும் முன் இந்தக் கூடையை ஒருமுறை பாருங்கள். இதோ, துணியை எடுத்துவிட்டேன். ஒரு கல், ஒரு கூடு. ஒரு கூடு, ஒரு குடும்பம்.

அமைதி, அமைதி. ஐயா கூடையைத் தன் பக்கம் இழுக்கிறார். கல்லை எடுத்துப் பத்துப் பத்தாக மேசையில் வைக்கிறார். உதடு அசைகிறது. மாதம்மா, பதறாதீர்கள், உட்காருங்கள். அவர் கல்லைத்தான் எண்ணுகிறார்.

அவர் எண்ணட்டும், அதற்குள் நான் நன்றி சொல்லிவிடுகிறேன். இடம் தந்த தலைவருக்கு நன்றி. என் பொய்யை இன்று கேட்டும் என்னை முறைக்காமல் இருக்கும் சம்பங்கி ஐயாவுக்கு நன்றி. அடுத்த தையில் இந்த வேலைக்கு வர நினைக்கும் தம்பி தங்கைகளே, பழைய சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள்; மரத்தடியில் நில்லுங்கள். பார்த்ததை மட்டும் எழுதுங்கள்.

மேசையில் பத்துப் பத்தாக எத்தனை குவியல் என்று முன்வரிசைக்குத் தெரியும். இருபதாவது குவியல் முடிந்துவிட்டது. கூடையில் இன்னும் கல் இருக்கிறது. ஐயா கையை நிறுத்திவிட்டார். மாதம்மாளைப் பார்க்கிறார். துணியை எடுத்துக் கூடையை அவரே மூடுகிறார்.

"மிச்சத்த எண்ண வேணாம்" என்கிறார்!

கோப்பிலிருந்து என் தாளை உருவி என்னிடமே நீட்டுகிறார். சாலை மேற்கே போகிறது, தோழர்களே! தாய்மார்களே, பட்டிக்குப் போங்கள், ஆடுகள் காத்திருக்கும். மாதம்மா, நாளை விடியுமுன் கரையில் சந்திப்போம். உங்கள் பென்சில் என் பையில் பத்திரமாக இருக்கிறது. எல்லோருக்கும் என் வணக்கம்.